அனுப்பாமல் விட்ட மின்னஞ்சல்கள்

"எனக்கு மெயிலே வரலை சார்." திட்ட மேலாண்மை மென்பொருளை நம்பி வேலை நடக்கும் எந்த அலுவலகத்திலும் இது பழகிப்போன புகார். ரெட்மைனோ ஜிராவோ, டிக்கெட்டை ஒருவர் பெயருக்கு மாற்றினால் அவருக்குத் தானாக மின்னஞ்சல் போய்விடும் என்று எல்லோரும் எண்ணியிருப்பார்கள். போகவில்லை என்பது கெடு தாண்டிய பிறகு கூட்டத்தில்தான் தெரியவரும். உடனே அட்மின் மெயில் சர்வரின் கடவுச்சொல்லைச் சரிபார்ப்பார். போர்ட் எண்ணை மாற்றிப் பார்ப்பார். கடைசியில் ஒரு டெஸ்ட் மெயில் தட்டிவிடுவார். அது அடுத்த நொடியே வந்து நிற்கும். "இப்ப சரியாயிடுச்சு, பாருங்க" என்பார். அடுத்த டிக்கெட்டுக்கும் மெயில் வராது.

தேடல் தப்பான முனையில் தொடங்குவதுதான் காரணம். டிக்கெட்டில் நடந்த மாற்றத்துக்கும் ஒருவரின் இன்பாக்ஸுக்கும் நடுவே இரண்டு தனித்தனிக் கேள்விகள் இருக்கின்றன. இந்த ஆளுக்கு அனுப்பவேண்டும் என்று மென்பொருள் முடிவு செய்ததா? செய்திருந்தால், அனுப்பியது போய்ச் சேர்ந்ததா? இரண்டாவது கேள்விக்கு நாற்பது ஆண்டுக்கும் மேலான பொறியியல் துணை நிற்கிறது. 1982 ஆகஸ்டில் ஜான் போஸ்டல் எழுதிய ஆர்எஃப்சி 821 என்ற அஞ்சல் நெறிமுறை ஆவணம் தொடங்கி, மெயில் சர்வர்கள் ஒவ்வொரு அடிக்கும் மூன்று இலக்க எண்ணில் பதில் சொல்கின்றன. நடந்ததை லாகில் எழுதிவைக்கின்றன. சேர்க்க முடியாமல் போனால் அனுப்பியவருக்கே தகவல் திருப்புகின்றன. முதல் கேள்விக்கு அப்படி ஓர் ஏற்பாடு பெரும்பாலான மென்பொருள்களில் கிடையாது. அனுப்பியதற்குச் சாட்சி உண்டு. அனுப்ப வேண்டாம் என்று முடிவெடுத்ததற்குச் சாட்சி இல்லை. மெயில் பிரச்சினை என்ற பெயரில் வீணாகும் நேரத்தில் பெரும்பகுதி இந்த இடத்தில்தான் போகிறது என்பது என் கணிப்பு.

டெஸ்ட் மெயில் ஏன் ஏமாற்றுகிறது என்பதும் இதிலிருந்து விளங்கும். ரெட்மைனின் நிர்வாகப் பக்கத்தில் இருக்கும் டெஸ்ட் மெயில் இணைப்பு, யாருக்கு அனுப்புவது என்ற விதிகளைத் தொடுவதே இல்லை. அழுத்தியவருக்கே நேராக அனுப்பிவிடுகிறது. வழி திறந்திருக்கிறது என்பதை மட்டும் அது காட்டும். அந்த வழியில் யாருக்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி அது ஒரு வார்த்தையும் சொல்லாது.

அந்த இடத்தைக் கொஞ்சம் உள்ளே போய்ப் பார்க்கலாம். ஜான் பிலிப் லாங் 2006-இல் வெளியிட்ட ரெட்மைனை எடுத்துக்கொள்வோம். எந்தெந்த நிகழ்வுக்கு மெயில் போகலாம் என்று முதலில் நிர்வாகி தேர்ந்தெடுக்கிறார்: புது டிக்கெட், குறிப்புச் சேர்ப்பு, நிலை மாற்றம் என்று ஒரு பட்டியல். அதன்மேல், ஒவ்வொரு பயனரும் தன் கணக்கில் ஒரு விருப்பத்தை வைத்திருக்கிறார்: எல்லாத் திட்டங்களிலும் எல்லாமும், சில திட்டங்கள் மட்டும், நான் சம்பந்தப்பட்டவை மட்டும், என் பொறுப்பில் இருப்பவை மட்டும், எதுவுமே வேண்டாம். பிறகு அந்த டிக்கெட்டைப் பார்க்கும் உரிமை அவருக்கு உண்டா என்ற சோதனை. தனிக்குறிப்பு என்றால் அதைப் படிக்கும் உரிமை வேறாக. கணக்கு பூட்டப்பட்டிருக்கிறதா என்பது இன்னொன்று. மாற்றத்தைச் செய்தவர் அவரே என்றால், என் மாற்றத்தை எனக்கே சொல்லாதே என்று அவர் டிக் செய்திருக்கிறாரா என்பது மற்றொன்று.

தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் நியாயமான விதி. சிக்கல் அவை ஒன்றுகூடும்போது பிறக்கிறது. எல்லாக் கதவும் திறந்தால்தான் மெயில் போகும், ஒன்று மூடினாலும் சத்தமின்றி நின்றுவிடும். ஓர் உதாரணம். மெயில் தொல்லை தாங்காத ஒரு டெஸ்டர், தன் பொறுப்பில் இருப்பவையும் தான் கவனிப்பவையும் மட்டும் போதும் என்று மாற்றிக்கொள்கிறார். அவர் ஒரு பிழையைப் பதிவு செய்து டெவலப்பர் பெயருக்குத் தள்ளுகிறார். டெவலப்பர் சரிசெய்து நிலையை மாற்றுகிறார். டெஸ்டருக்குத் தகவல் வராது, ஏனென்றால் டிக்கெட்டைப் போட்டவர் என்ற தகுதி அந்த விருப்பத்தில் சேராது. கவனிப்போர் பட்டியலில் அவர் தன் பெயரைச் சேர்த்திருக்கவேண்டும். சரியான பிழைத்திருத்தம் வாரக்கணக்கில் சோதிக்கப்படாமல் கிடக்கிறது. சர்வர் லாகில் எந்தப் பிழையும் இல்லை, இருக்கவும் முடியாது, ஏனென்றால் எந்தப் பிழையும் நடக்கவில்லை.

சுயமாற்ற விதிதான் அட்மின்களை அதிகம் சுற்றவிடுகிறது. பிரச்சினையைக் கண்டுபிடிக்க அவர் தானே ஒரு டிக்கெட் போட்டு, தன் பெயருக்கே மாற்றிக்கொண்டு, மெயிலுக்குக் காத்திருக்கிறார். வராது. விதி அப்படி. ஜிராவிலும் இதே வசதி உண்டு. ஆகவே இரண்டு கணக்குகள் இல்லாமல் இந்தச் சோதனையைச் செய்வதில் பொருளே இல்லை.

ஜிரா இந்த முடிவுகளை வேறு வடிவில் வைத்திருக்கிறது. நிகழ்வுகள் ஒரு பக்கம், பெறுநர்கள் மறுபக்கம் என்று ஓர் அறிவிப்புத் திட்டம்; அதைப் பல புராஜெக்டுகள் பகிர்ந்துகொள்ளலாம். பகிர்கின்றன என்பதை மறந்து ஒரு குழுவுக்காகத் திருத்தினால் மூன்று குழுவுக்கு மெயில் நின்றுபோகும். இதைவிட நுட்பமான பொறி வேலைப்பாய்ச்சலில் இருக்கிறது. புதிதாக ஒரு நிலைமாற்றத்தைச் சேர்த்தால், அது முடிந்ததும் பொதுநிகழ்வு என்ற ஒன்றைத்தான் ஜிரா எழுப்பும். பொத்தானுக்கு 'முடிந்தது' என்று பெயர் வைத்திருக்கலாம். அதனால் தீர்வுக்கான நிகழ்வு எழும்பிவிடாது. அறிவிப்புத் திட்டத்தில் பொதுநிகழ்வுக்கு நேராக யாருடைய பெயரும் இல்லாவிட்டால் கதை அங்கேயே முடிந்தது. டிராக் என்ற பழைய மென்பொருளில் இன்னும் எளிமை: மெயில் அனுப்பும் வசதியே ஆரம்பத்தில் அணைந்திருக்கும், கோப்பில் கையால் திறக்கவேண்டும்.

ஆனால் ஜிராவுக்கு ஒரு பெரிய நன்மதிப்பெண் கொடுக்கவேண்டும். அதில் அறிவிப்பு உதவியாளர் என்று ஒரு சிறு கருவி இருக்கிறது. ஆளைச் சொல், டிக்கெட்டைச் சொல், நிகழ்வைச் சொல்; அவருக்கு மெயில் போகுமா போகாதா, ஏன் என்று அது பதில் சொல்லும். நிர்வாகிகளில் எத்தனையோ பேர் அதைத் திறந்தே பார்த்திருக்கமாட்டார்கள். முதல் புகாருக்கு முதலில் போகவேண்டிய இடம் அதுதான், மெயில் சர்வர் அல்ல. ஒரே குறை, அது இன்றைய விதிகளை வைத்துக் கணக்குப் போடுகிறது. போன வாரம் அந்த நபருக்கு உரிமை இருந்ததா என்று கேட்டால் அதற்குத் தெரியாது.

புகாரின் வடிவத்தைக் கூர்ந்து கேட்பது பாதி வேலையை முடித்துவிடும். எல்லோருக்கும் ஒரே நாளில் நின்றதா? கடவுச்சொல், சான்றிதழ், சர்வர். ஒருவருக்கு மட்டுமா? அவருடைய விருப்பங்கள் அல்லது அவருடைய முகவரி. ஒரு புராஜெக்டுக்கு மட்டும் என்றால் அறிவிப்புத் திட்டம் அல்லது உரிமை. வாடிக்கையாளர் நிறுவனத்து ஆட்களுக்கு மட்டும் போகவில்லை என்றால் அந்த டொமைனின் சர்வர் நம்மை நம்பவில்லை. சில சமயம் வருகிறது, சில சமயம் வரவில்லை என்றால் காத்திருப்பு வரிசையில் ஏதோ கோளாறு.

நம்பமுடியாத புகாரையும் அப்படியே எடுத்துக்கொள்ளவேண்டும் என்பதற்கு மெயில் உலகில் பேர்பெற்ற ஒரு கதை இருக்கிறது. 1990-களில் அமெரிக்காவின் வட கரோலினாவில் ஒரு பல்கலைக்கழகத்தில் கணினி அமைப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த ட்ரே ஹாரிஸ் அதை 2002-இல் எழுதினார். புள்ளியியல் துறைத் தலைவர் அவரை அழைத்து, எங்கள் துறையிலிருந்து 500 மைலுக்கு மேல் மெயில் போகவில்லை என்கிறார். தூரத்தை வைத்து மெயில் நிற்குமா? ஹாரிஸ் சோதித்துப் பார்க்கிறார், உண்மையிலேயே நிற்கிறது. இயங்குதளத்தைப் புதுப்பித்த யாரோ சென்ட்மெயில் நிரலைப் பழைய பதிப்புக்கு இறக்கிவிட்டிருந்தார்கள். புதிய பதிப்புக்கான அமைப்புக்கோப்பு பழையதற்குப் புரியவில்லை. இணைப்புக்காகக் காத்திருக்கும் நேரம் பூஜ்யமாகிவிட்டது. நடைமுறையில் அது சுமார் 3 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் ஒளி கடப்பது ஏறக்குறைய 558 மைல். புகார் சொன்னவர் புள்ளியியல்காரர் என்பதால் தரவு சேர்த்துவிட்டுத்தான் வந்திருந்தார். நம் அலுவலகத்தில் 'திங்கள்கிழமை மட்டும் வரலை' என்று சொல்பவரையும் இந்த மரியாதையோடு கேட்கலாம்.

இனி வரிசை. முடிவு எடுத்ததும் மென்பொருள் அந்த நொடியே மெயில் அனுப்புவதில்லை. அனுப்பினால் பயனர் பொத்தானை அழுத்திவிட்டு மெயில் சர்வரின் பதிலுக்காகக் காத்துக்கிடக்க வேண்டிவரும். ஆகவே வேலையை ஒரு வரிசையில் போட்டுவிட்டுப் பக்கத்தைத் திறந்துவிடுகிறது. ரெட்மைன் 4.0 முதல் இதற்குத் தன் அடித்தளமான ரெயில்ஸ் கட்டமைப்பின் ஆக்டிவ் ஜாப் வசதியைப் பயன்படுத்துகிறது. தனி ஏற்பாடு செய்யாவிட்டால் அந்த வரிசை நிரலின் நினைவகத்திலேயே இருக்கும். சர்வரை மறுதொடக்கம் செய்தால் வரிசையில் நின்றவை மறைந்துபோகும். மதியம் புதுப் பதிப்பு ஏற்றிய நேரத்தில் போட்ட டிக்கெட்டுகளுக்கு மட்டும் மெயில் இல்லை என்ற மர்மத்துக்கு இது விடையாகலாம். சைட்கிக் போன்ற நிலையான வரிசைக்கு மாறினால் எதிர்த்திசையில் ஒரு வியப்பு காத்திருக்கும். தோற்ற வேலையை அது வழக்கமாக 25 முறை, சுமார் 20 நாள் வரை விட்டுவிட்டு முயலும். மூடி மறந்த டிக்கெட்டுக்கு மூன்று வாரம் கழித்து 'உங்களுக்குப் புதிய பணி' என்று மெயில் வந்து விழும். ஜிராவோ 8.0 பதிப்பிலிருந்து, ஒரே டிக்கெட்டின் மாற்றங்களைப் பத்து நிமிடம் சேர்த்துவைத்து ஒரே மெயிலாக அனுப்பும் வழக்கத்துக்கு மாறியது. நல்ல யோசனைதான். ஆனால் தெரியாதவர் அந்தப் பத்து நிமிடத்தைப் பழுது என்று நினைத்துத் தேடத் தொடங்கிவிடுவார்.

அதே 4.0-இல் ரெட்மைன் இன்னொன்றையும் மாற்றியது. முன்பு எல்லோரையும் மறைநகலில் வைத்து ஒரே மெயில் போகலாம். பிறகு ஆளுக்கொரு மெயில். ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில், அவரவர் உரிமைக்கேற்ப அனுப்ப அதுவே சரியான வழி. ஆனால் எண்ணிக்கை பெருகுகிறது. 40 பேர் எல்லா அறிவிப்பையும் கேட்டிருக்கும் திட்டத்தில் ஒரே நாளில் 50 மாற்றம் நடந்தால் 2000 மெயில். கூகுள் வொர்க்ஸ்பேஸின் சாதாரணக் கணக்கு ஒன்று ஒரு நாளில் அனுப்பக்கூடிய உச்சம் அதுவே. இலவச ஜிமெயிலில் 500 தான். சாயங்காலம் போடும் டிக்கெட்டுகளுக்கு மட்டும் மெயில் நிற்கிற குழுக்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம்.

வரிசையிலிருந்து மெயில் சர்வரிடம் கைமாற்றும் கட்டத்தில் நேரும் பழுதுகள் கத்திச் சொல்லிவிடும் என்பதால் அவற்றில் நிற்கத் தேவையில்லை. 535 என்றால் அடையாளச் சோதனையில் தோல்வி. 2022 மே 30-க்குப் பிறகு ஜிமெயில் வெறும் கடவுச்சொல்லை ஏற்க மறுத்தபோது ஏராளமான பழைய நிறுவல்கள் அந்த எண்ணைப் பார்த்தன; இரட்டைச் சரிபார்ப்பைத் திறந்து செயலிக் கடவுச்சொல் வாங்குவதே வழி. 2021 செப்டம்பர் 30-இல் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்களுக்குப் பின்னால் இருந்த பழைய மூலச் சான்றிதழ் காலாவதியானது. நெடுநாள் புதுப்பிக்காத சர்வர்கள் அன்று மறுமுனையை நம்ப மறுத்தன. மேகச் சேவைகளில் போர்ட் 25 பெரும்பாலும் அடைத்தே கிடக்கும், 587 அல்லது 465 வழியாகப் போகவேண்டும். இவற்றில் எதுவானாலும் லாகில் ஒரு வரி இருக்கும். படித்தால் தெரியும்.

மெயில் சர்வர் 250 என்று பதில் சொன்னபிறகு வருவது வேறு ரகம். அடுக்குமாடிக் குடியிருப்பின் வாட்ச்மேன் கையெழுத்துப் போட்டு வாங்கிய கூரியர் மாதிரிதான் அந்த எண். வீட்டுக்காரர் கைக்குப் போனதா என்பது அதில் இல்லை. வாங்கிய சர்வர் அதை ஸ்பாமில் போடலாம், தனியே நிறுத்திவைக்கலாம். அனுப்பியவரின் டொமைன் பெயரில் எந்தச் சர்வர் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப், கடிதத்துக்குக் கையொப்பமிடும் டிகேஐஎம், இரண்டும் பொருந்தாவிட்டால் என்ன செய்வது என்று அறிவிக்கும் டிமார்க் ஆகிய மூன்றும் முன்பு நல்ல பழக்கம் என்ற அளவில் இருந்தன. 2024 பிப்ரவரியில் கூகுளும் யாஹூவும் அதிக அளவில் அனுப்புவோருக்கு அவற்றைக் கட்டாயமாக்கின. திட்ட மென்பொருளை இது தனியாகக் கடிக்கும் இடம் அனுப்புநர் முகவரி. கருத்து எழுதியவரின் சொந்த முகவரியையே அனுப்புநராகக் காட்டினால் பார்க்க அழகாக இருக்கும். ஆனால் அந்த டொமைனின் பெயரில் அனுப்ப நம் சர்வருக்கு உரிமை இல்லை. யாஹூ 2014 ஏப்ரலில் டிமார்க்கைக் கறாராக்கியபோது இப்படி அடுத்தவர் பெயரில் அனுப்பிய ஏற்பாடுகள் ஒரே இரவில் உடைந்தன. ரெட்மைனில் எக்ஸாம்பிள்.நெட் என்று முடியும் மாதிரி முகவரியை மாற்றாமலே ஓட்டுகிறவர்களும் உண்டு. அவர்களைப் பற்றி என்ன சொல்ல.

இதைவிடக் கண்ணுக்குத் தெரியாத ஒன்று தடைப்பட்டியல். அமேசானின் எஸ்இஎஸ் போன்ற அனுப்புசேவைகள், ஒரு முகவரி இல்லை என்று ஒருமுறை திரும்பிவந்தால் அதைப் பட்டியலில் சேர்த்துக்கொண்டு அதன்பிறகு அதற்கு அனுப்புவதை நிறுத்திவிடும்படி அமையலாம். அப்படி அனுப்பாமல் விட்ட மெயிலையும் அந்தச் சேவை நம் மென்பொருளிடம் வாங்கிக்கொள்ளும். புதிதாகச் சேர்ந்த ஒருவருக்கு ஜிராக் கணக்கு திங்களன்று, அஞ்சல்பெட்டி புதனன்று என்று வைத்துக்கொள்வோம். இடைப்பட்ட இரண்டு நாளில் போன முதல் மெயில் 550 என்று திரும்புகிறது. அதன்பிறகு மற்ற எல்லா மெயிலும் அவருக்கு வரும், அறிவிப்புகள் மட்டும் வரவே வராது. ஜிரா அனுப்பினேன் என்கிறது, சேவை வாங்கினேன் என்கிறது. இரண்டும் பொய் சொல்லவில்லை.

வராத மெயிலைப் பற்றிப் பேசும்போது இருமுறை வரும் மெயிலையும் சொல்லிவிடவேண்டும். கடிதம் முழுவதும் வாங்கிக்கொண்ட சர்வர் 250 சொல்வதற்குள் இணைப்பு அறுந்தால், அனுப்பியவர் தோல்வி என்று எண்ணி மறுபடி அனுப்புவார். இந்தச் சிக்கலை 1988-லேயே கிரெய்க் பார்ட்ரிட்ஜ் ஆர்எஃப்சி 1047-இல் எழுதிவிட்டார். அதை முழுவதும் ஒழிக்க வழியில்லை, குறைக்கலாம். சுழல் இன்னொரு தொல்லை. மெயிலுக்குப் பதில் எழுதினால் டிக்கெட்டில் குறிப்பாகச் சேரும் வசதி உள்ள இடத்தில், விடுமுறையில் போனவரின் தானியங்கிப் பதிலும் குறிப்பாகச் சேரும். அந்தக் குறிப்புக்கு ஓர் அறிவிப்பு போகும், அதற்கு மறுபடி விடுமுறைப் பதில். 2004-இல் வந்த ஆர்எஃப்சி 3834 இதற்குத்தான் தானாக உருவானது என்று சொல்லும் தலைப்பு வரியை வகுத்தது. ரெட்மைன் தன் மெயில்களில் அதைச் சேர்க்கிறது. கையால் எழுதிய அறிவிப்பு நிரல்களில் அது அநேகமாக விட்டுப்போயிருக்கும்.

மெயில் இன்பாக்ஸுக்கே வந்துவிட்டது, பார்க்கப்படவில்லை என்றால்? புகார் சொன்னவரின் திரையிலேயே தேடல் பெட்டியில் டிக்கெட் எண்ணை அடித்துப் பார்ப்பதைச் சங்கடம் கருதி யாரும் செய்வதில்லை. செய்தால் அவரே எப்போதோ போட்ட வடிகட்டி, எல்லா அறிவிப்பையும் 'ஜிரா' என்ற கோப்புறைக்குள் தள்ளியிருப்பது தெரியும். வடிகட்டி இல்லாவிட்டாலும் மெயில் சிதறலாம்: ஜிமெயில், பொருள்வரி மாறினால் உரையாடலைப் பிரித்துவிடும். ஒரு தொடரில் 100 கடிதத்துக்கு மேல் சேர்க்காது. டிக்கெட்டின் நிலையைப் பொருள்வரியில் எழுதும் மென்பொருள், நிலை மாறும்போதெல்லாம் ஒரே டிக்கெட்டைத் துண்டுதுண்டாக்குகிறது. இங்கே என் கருத்து கொஞ்சம் கடுமையானது: எல்லாருக்கும் எல்லாமும் என்று தொடக்க அமைப்பை வைக்கிற நிர்வாகிதான் 'மெயில் வரலை' என்ற புகாரை விதைக்கிறார். அளவு தாங்காமல் மனிதர்கள் வடிகட்டி போடுகிறார்கள். பிறகு அந்த வடிகட்டியை மறந்துவிடுகிறார்கள். நிகழ்வுப் பட்டியலில் பாதியை நீக்குவதும் பழுதுபார்ப்புதான்.

கெடு நினைவூட்டல்களில் நிலைமை இன்னும் மோசம். ரெட்மைனில் அவை தானாக நடப்பதில்லை; குறித்த நேரத்தில் ஒரு கட்டளையை கிரான் என்ற நேரமிடும் நிரல் ஓட்டவேண்டும், அது அடுத்த ஏழு நாளுக்குள் முடியவேண்டிய பணிகளை எடுத்து ஆட்களுக்கு அனுப்பும். சர்வரின் கடிகாரம் உலகப் பொதுநேரத்தில் ஓடினால், காலை 9 மணிக்கு என்று வைத்த நினைவூட்டல் சென்னைக்குப் பிற்பகல் 2.30-க்கு வரும். அது பரவாயில்லை, நேரம் தப்பினாலும் யாராவது கவனிப்பார்கள். சர்வரை மாற்றியபோது கிரான் வரியைக் கொண்டுவர மறந்தால் எதுவுமே வராது. எதிர்பார்க்காத நினைவூட்டல் வரவில்லை என்று யாரும் புகார் செய்வதில்லை.

ஆகவே மென்பொருள் எழுதுவோரிடம் கேட்கவேண்டியது ஒன்றுதான்: அனுப்பாமல் விட்டதையும் பதிவு செய்யுங்கள். இந்த நிகழ்வு, இந்த ஆள், இந்த விதியால் விடப்பட்டார் என்று ஒரு வரி. வரிகள் பெருகும் என்பார்கள். மேலே சொன்ன 40 பேர் கொண்ட திட்டத்தில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் எல்லோருமே விடப்பட்டாலும் நாளுக்கு 2000 வரி. முப்பது நாள் வைத்திருந்தாலும் 60,000. இன்றைய தரவுத்தளம் இதைப் பாரமாகவே எண்ணாது. யாருக்கு எதைப் பார்க்கும் உரிமை இல்லை என்ற விவரம் கசியும் என்ற ஆட்சேபம் வலுவானது. அதனால் பதிவை நிர்வாகிக்கு மட்டும் காட்டலாம். இது முடியாத காரியமும் இல்லை, புதிய யோசனையும் இல்லை. மொசில்லாவுக்காக 1998-இல் வெளிவந்த பக்ஸில்லாவின் பழைய பதிப்புகளில், ஒரு மாற்றத்தைச் சேமித்ததும் திரையிலேயே இரண்டு வரிகள் வரும்: யார் யாருக்கு மெயில் போனது என்று ஒன்று, யார் யாரை விட்டுவிட்டது என்று இன்னொன்று.